நல்கொண்டா முறை: குடிநீரிலிருந்து புளோரைடை நீக்குதல்

நீர் தெளிந்திருந்தால் அது தூயது என்று கருதுவது மக்களின் வழக்கம். ஆயின் நீரில் கரைந்துள்ள புளோரைடைக் கண்ணும் காணாது, நாவும் உணராது. பாறைத் தாதுக்களிலிருந்து இப்பொருள் கிணற்று நீரிற் கலக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதனால் விளைந்த எலும்பு நோயைப் பற்றிய ஆய்வு 1937-இல் வெளிவந்தது. பற்கள் உருவாகும் இளம்பருவத்தில் இந்நீரைப் பருகும் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது. பல்லாண்டுகள் பருகுவோரின் மூட்டுகள் இறுகி எலும்புகள் வளைகின்றன. எலும்புக்கு நேர்ந்த இக்கேட்டை மருந்தால் மீட்க இயலாது. ஆகவே தடுத்தலே வழியாகும்.

இந்தியத் தர விதிப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காவிடின் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும்.

நீரைக் காய்ச்சினால் புளோரைடு நீங்காது. நீர் வற்றுமளவுக்கு அதன் செறிவு மிகும். சுண்ணாம்பு மட்டும் சேர்ப்பதும் போதாது. அப்போது உண்டாகும் கால்சியம் புளோரைடு, லிட்டருக்கு ஏறக்குறைய 16 மில்லிகிராம் அளவு நீரிற் கரையும். அதில் புளோரைடின் பங்கு மட்டுமே சுமார் 8 மில்லிகிராம்.

இக்குறையைப் போக்க, நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் ஒரு முறையை வகுத்தது. இன்று தெலங்கானாவிலுள்ள நல்கொண்டாவின் பெயரால் அது வழங்குகிறது. நீரிலுள்ள காரத்தன்மையுடன் படிகாரம் வினைபுரிந்து, பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடுத் திரளாகிறது. புளோரைடு அத்திரளிற் பற்றிக்கொண்டு, அதனுடன் அடியிற் படிகிறது.

செய்முறை

அடியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில் குழாய் பொருத்திய 40 லிட்டர் வாளியில் நீரை நிரப்புக. முதலிற் சுண்ணாம்பும், கிருமி நீக்கத்திற்குச் சிறிதளவு பிளீச்சிங் பவுடரும் கலந்து, பின்னர்ப் படிகாரக் கரைசலைச் சேர்க்க. பத்து நிமிடம் மெதுவாகக் கிளறுக. வேகமாகக் கிளறினால் திரள்கள் உடையும். ஏறக்குறைய ஒரு மணி நேரம் அசையாது வைத்து, தெளிந்த நீரைக் குழாய் வழியே இறக்குக.

படிகார அளவு புளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. ஆதலின் ஓர் ஊரின் அளவு மற்றோர் ஊருக்குப் பொருந்தாது. சுண்ணாம்பு பெரும்பாலும் படிகாரத்தில் இருபதில் ஒரு பங்கு. சான்றாக, சோதனையில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் படிகாரம் வேண்டுமெனத் தெரிந்தால், 40 லிட்டருக்கு 20 கிராம் படிகாரமும் 1 கிராம் சுண்ணாம்பும் தேவை.

எச்சரிக்கை

படிகாரம் மிகுந்தால் நீர் அமிலத்தன்மை அடையும். அலுமினியம் புளோரைடுடன் பிணைந்து நீரிலேயே கரைந்து நிற்கும். சுண்ணாம்பு மிகுந்தாலும் திரள் கரையும். இரு நிலைகளிலும் நீர் தெளிவாகவே காணப்படலாம். எனவே களப்பணியாளர், சுத்திகரித்த நீரையும் சிர்கோனியச் சாயச் சோதனையால் அளந்து பார்த்தல் வேண்டும். புளோரைடு மிகுந்தால் சாயத்தின் நிறம் மங்கும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

அடியிற் படிந்த கசட்டில் நீக்கப்பட்ட புளோரைடு அடங்கியுள்ளது. அதனைக் கிணற்றருகிலோ கால்நடைகள் நீர் அருந்துமிடத்திலோ கொட்டலாகாது.