டப்பா வாங்குமுன் பரிசோதனை

அன்பு மருமகனுக்கு,

குழந்தை தள்ளிப்போகிறதே என்று ஆன்டிஆக்சிடன்ட் காப்சூல் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம். விற்பவர்கள் சொல்லும் அடிப்படை பொய்யில்லை. உடலில் உண்டாகும் சில ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவு மீறினால் விந்தணுவின் மேலுறையும் டிஎன்ஏவும் சிதையும். ஆனால் அவை சிறிதளவு இருந்தால்தான் விந்தணுவுக்குக் கருமுட்டையைத் துளைக்கும் பக்குவமே வருகிறது. ஆன்டிஆக்சிடன்டால் அவற்றை முற்றாக அடக்குவது நல்லதாகிவிடாது. அமெரிக்காவில் 2,370 ஆண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பாதிப்பேருக்கு ஆறு மாதம் இத்தகைய காப்சூல்களில் சேரும் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும், மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து உண்டவர்களில் 34 சதவீதத்தினருக்கும் உண்ணாதவர்களில் 35 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணிக்கை கூடியதாக ரிப்போர்ட் காட்டுகிறார்களே என்பாய். விந்தணு எண்ணிக்கை ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இடையில் மாத்திரை தின்றிருந்தால் ஏற்றத்தை அதன் கணக்கில் எழுதிவிடுகிறோம். 2022-இல் ஆன்டிஆக்சிடன்ட் பற்றிய 90 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்று வலுவில்லை என்றது. நம்பத்தகாத ஆய்வுகளைக் கழித்ததும் அந்தப் பலனும் தெரியவில்லை.

கெடுதல் இல்லையே என்றும் சொல்ல முடியாது. முதலில் சொன்ன ஆய்வில் மருந்து உண்டவர்களுக்கு வயிற்றுக் கோளாறும் விந்தணு டிஎன்ஏ சிதைவும் சற்றுக் கூடுதலாகவே இருந்தன. அதைவிட எனக்குக் கவலை, வீணாகும் காலம். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும் என்பதால், இன்னொரு டப்பா பார்ப்போம் என்று ஓராண்டு ஓடிவிடும். விதைப்பை இரத்தக்குழாய்ப் புடைப்பான வேரிகோசீல் போன்ற சரிசெய்யக்கூடிய காரணம் கண்ணில் படாமலே கிடக்கும். உன் மனைவிக்கும் வயது ஏறும். உடற்பயிற்சிக்கூடத்தில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் கிட்டவே போகாதே, அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும்.

குற்றாலத்தில் சீசனுக்கு வரும் மங்குஸ்தானையும் ரம்புட்டானையும் பழமாகத் தாராளமாகச் சாப்பிடு. மருந்தென்று நினைத்துச் சாப்பிடாதே. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால், பெயர் எழுதாத லேகியத்தை வழியில் வாங்காமல் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. எதற்கும் முன்னால், விந்து வெளியேறாமல் இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை செய். குறை தெரிந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் செய். உன் மனைவிக்கும் அதே சமயம் பரிசோதனை நடக்கட்டும். தென்காசி அரசு மருத்துவமனையில் முதலில் விசாரி, அங்கே வசதிப்படாவிட்டால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

அன்புடன்,
மாமா