பூச்சிமருந்தைப் பூட்டி வைப்போம்

நஞ்சு உண்டு மருத்துவமனைக்கு வருபவர்கள் யார்? நம் நாட்டில் பெரும்பாலோர் இளம் வயதினர். பலர் விவசாயக் குடும்பத்தினர். காரணம் என்ன? பூச்சிமருந்து வீட்டிலேயே இருக்கிறது. கோபத்திலும் வேதனையிலும் அது கைக்கு எட்டுகிறது. சிறு குழந்தைகளோ மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்துவிடுகிறார்கள்.

கவனக்குறைவும் உயிரைப் பறிக்கும். 2013-ஆம் ஆண்டு பீகாரில் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது.

நாம் என்ன செய்யலாம்?

மருந்தைப் பூட்டி வைப்போம். காலி மருந்து டப்பாவில் உணவுப் பொருளை வைக்க வேண்டாம். மனம் நொந்தவரைத் தனியே விட வேண்டாம். அவருடன் பேசுவோம்.

யாராவது நஞ்சு உண்டுவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மருந்து டப்பாவையும் எடுத்துச் செல்வோம்.

உங்கள் வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது?