நாட்பட்ட நோவும் வீடு திரும்புதலும்

கீரிக்கும் மன்னார்த் தீவின் ஏனைய கரையோரக் கிராமங்களுக்கும் திரும்பி வரும் குடும்பங்கள், பதிவுத் துண்டில் எழுதப்படாத ஒன்றையும் கூடவே கொண்டு வருகின்றன. அது நோ. கூரைத்தகடு எத்தனை, சீமெந்துப் பை எத்தனை என்று எழுத இடம் உண்டு. பத்து வருடமாக விடாத நாரி உளைவை எழுத இடம் இல்லை. சிலருக்கு அது செல் துண்டு பட்ட இடத்து நோ. சிலருக்குப் பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களில் தொடங்கியது. மடுவிலும், செட்டிக்குளத்திலும், கடல் கடந்து மண்டபம் முகாமிலும் வெறுந்தரையில் படுத்த வருடங்கள் இன்னும் சிலருடைய முழங்காலில் இருக்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேலாக விடாமல், அல்லது விட்டு விட்டு, தொடர்ந்து வரும் நோவை மருத்துவத்தில் நாட்பட்ட நோ என்பார்கள். இதை முழுவதுமாக இல்லாமற் செய்வது பல வேளைகளில் முடிவதில்லை. ஆனால் அதே நோவோடு ஒருவர் கடலுக்குப் போவதும் இன்னொருவர் பாயை விட்டு எழும்பாமல் இருப்பதும் ஏன்? அதில் மனதுக்கும் வீட்டாருக்கும் பெரிய பங்கு உண்டு. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

"ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டினம்"

வைத்தியசாலைக்குப் போய் வந்த பலர் இப்படிச் சொல்லக் கேட்கிறோம். எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. "மனதிலதான் பிரச்சினை" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அது "நடிக்கிறார்" என்று மாறிவிடுகிறது.

முதலில் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டும்: நோ உண்மையானது. எக்ஸ்றே எலும்பைக் காட்டும். நரம்புகள் எவ்வளவு கூர்மையாகிவிட்டன என்பதைக் காட்டாது. நாரியிலிருந்தோ காலிலிருந்தோ வரும் செய்தி முள்ளந்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. அந்த வழியில் ஒரு படலை இருப்பது போல, செய்தி சில வேளை கூடுதலாகவும் சில வேளை குறைவாகவும் உள்ளே விடப்படுகிறது. 1965 ஆம் ஆண்டில் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் முன்வைத்த விளக்கம் இது. பயம், நித்திரைக் குறைவு, கவலை, தனிமை ஆகியவை அந்தப் படலையை அகலத் திறக்கின்றன. மனம் ஆறியிருக்கும்போது அது ஓரளவு சாத்தப்படுகிறது.

வீட்டு நாயை நினைத்துப் பாருங்கள். செல்லடி நடந்த நாட்களில் ஒவ்வொரு சத்தத்துக்கும் குரைக்கப் பழகிய நாய், சண்டை முடிந்த பிறகும் தேங்காய் விழுந்தாற்கூடக் குரைக்கும். கள்ளன் இல்லை, ஆனால் குரைப்பு உண்மையானது. காயம் ஆறிய பிறகும் நீடிக்கும் நோவில் நரம்புகள் இப்படித்தான் இருக்கின்றன. அந்த நாயை அடித்து அடக்க முடியாது. பயப்பட ஒன்றும் இல்லை என்று நாளுக்கு நாள் பழக்கித்தான் அடக்கலாம்.

நோவின் பொருள் என்ன என்பதும் அதன் அளவை மாற்றும். 1944 இல் இத்தாலியின் அன்சியோ கடற்கரைச் சண்டையில் காயப்பட்ட படையினருக்குச் சிகிச்சை அளித்த பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு விடயத்தைக் கவனித்தார். கடுமையாகக் காயப்பட்டிருந்தும் அவர்களிற் பெரும்பாலானோர் நோவுக்கு மருந்து கேட்கவில்லை. அந்தக் காயம் அவர்களுக்குச் சண்டை முடிந்தது, உயிர் தப்பியாயிற்று என்பதன் அடையாளம் என்று அவர் விளக்கினார். எங்கள் ஆட்களுக்கு இது தலைகீழ். வலை இழுக்கும்போது நாரியில் ஒரு குத்து வந்தால் அதன் பொருள், "இனிக் கடல் இல்லை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு இல்லை" என்பதாக இருக்கிறது. அதே குத்து இரண்டு மடங்காக நோகிறது.

நல்ல நாளில் வரும் ஆபத்து

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் நாம் அடிக்கடி காணும் ஒன்று. நாரி நோ உள்ள ஒரு மீனவர் காணி துப்புரவாக்கத் தொடங்குகிறார். அன்று காலையில் நோ குறைவு. "இண்டைக்கு முடிச்சுப் போடுவம்" என்று பற்றை வெட்டுகிறார், கிணறு இறைக்கிறார், கிடுகு தூக்குகிறார். மறுநாள் எழும்ப முடியவில்லை. நான்கு நாள் பாயில். ஐந்தாம் நாள் கொஞ்சம் சுகம். விட்ட வேலையையும் சேர்த்துச் செய்கிறார். இந்த முறை ஒரு கிழமை பாயில். இப்படி ஆறு மாதம் போனால் உடம்பு இளைத்து விடுகிறது. அதைவிட மோசமாக, "எதைத் தொட்டாலும் நோகும்" என்று மனம் முடிவுகட்டி விடுகிறது. பிறகு அவர் குனிவதற்கே பயப்படுகிறார். குனியாத நாரி இறுகும். இறுகிய நாரி இன்னும் நோகும்.

இதற்கு மருந்தை விடப் பயனுள்ளது அளவு வைத்து வேலை செய்தல். நோ வந்த பிறகு நிறுத்துவது அல்ல, வருவதற்கு முன்பே நிறுத்துவது. மண்வெட்டி பிடித்து இருபது நிமிடத்தில் நாரி உளையத் தொடங்குகிறது என்றால், பதினைந்தாவது நிமிடத்தில் மண்வெட்டியை வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் நடவுங்கள் அல்லது வேறு இலேசான வேலை செய்யுங்கள். பிறகு இன்னொரு பதினைந்து நிமிடம். நல்ல நாளிலும் அதே அளவு, கூடாத நாளிலும் முடிந்தவரை அதே அளவு. சில நாட்களுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நேரம் பார்க்கக் கைத்தொலைபேசி போதும். நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம். அயலவர் பார்க்கும்போது இன்னும் கடினம்.

கரைவலை இழுத்தவர்களுக்கு இது புதிதல்ல. அம்பா பாடி இழுக்கும்போது யாரும் முழுப் பலத்தையும் ஒரே மூச்சில் கொடுப்பதில்லை. இழுப்பும் விடுப்பும் பாட்டின் கணக்கில் போகும். அதே கணக்கைக் காணி வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இதைச் சொல்லும்போது நமக்கே தயக்கம் வருகிறது. கணவரை இழந்து தனியே குடும்பத்தை நடத்தும் ஒரு தாயிடம் "ஓய்வெடுங்கள்" என்பது வெறும் பேச்சு. தண்ணீர் அள்ள வேறு ஆள் இல்லை. அவருக்கு ஓய்வைச் சொல்வதை விட வேலையை உடைக்கச் சொல்லலாம்: பெரிய கானை நிரப்பித் தூக்காமல், அரைவாசி நிரப்பி இரண்டு நடை, கருவாடு பரப்புவதை நிலத்தில் குந்தியிருந்து செய்யாமல் இடுப்பளவு பரணில். மீள்குடியேற்ற உதவியாக எதைக் கேட்பது என்று யோசிக்கும்போது தண்ணீர் வண்டிலும் உயரமான பரணும் உங்கள் நினைவில் இருக்கட்டும்.

வீட்டார் செய்யும் இரண்டு பிழைகள்

ஒன்று சந்தேகப்படுவது. "நேற்றுத் தேவாலயத்துக்கு நடந்தவர்தானே, இன்றைக்கு ஏன் முடியாது?" நாட்பட்ட நோ நாளுக்கு நாள் மாறும். நேற்று முடிந்தது இன்று முடியாமற் போவது பொய்யல்ல. நம்பப்படாத ஆள் தன் நோவை நிரூபிக்கவே முனகத் தொடங்குவார்.

மற்றது அன்பினால் வருவது. "நீங்கள் இருங்கோப்பா, நாங்கள் பாக்கிறம்" என்று எல்லா வேலையையும் வாங்கிவிடுவது. சில மாதத்தில் அவர் வீட்டில் ஒரு விருந்தாளி போல ஆகிவிடுகிறார். முன்பு வலை பொத்திய கையை, கணக்குப் பார்த்த தலையை, யாரும் கேட்பதில்லை. உடம்பு நோவை விட இது அதிகம் நோகும். காலையில் "நோ எப்படி?" என்று மட்டும் கேட்பதற்குப் பதிலாக, "இண்டைக்கு எந்த வேலையை நீங்கள் பாக்கிறியள்?" என்றும் கேளுங்கள். வலை பொத்துதல், பிள்ளைக்குப் பாடம் சொல்லல், கோழிக்கூடு பார்த்தல், எதுவானாலும் அது அவருடையதாக இருக்கட்டும்.

காயப்பட்ட அதே ஊருக்கு, அதே ஒழுங்கைக்குத் திரும்பும்போது நோ கூடுவதும் உண்டு. திருநாள் வெடிச்சத்தத்துக்குப் பழைய தழும்பு துடிக்கலாம். காயம் திரும்பி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். உடம்புக்கும் நினைவு உண்டு. பெரும்பாலும் கிழமைகள் போகத் தணியும். தணியாமல், கெட்ட கனவும் திடுக்கிடலும் சேர்ந்து வந்தால் உளவளத்துணையாளரைச் சந்தியுங்கள்.

இல்லாத காலில் வரும் நோ

மிதிவெடியில் காலை இழந்தவர்கள் சிலர், இல்லாத பாதத்தில் எரிவும் குறண்டலும் வருவதாகச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூளையில் அந்தக் காலுக்கான இடம் இன்னும் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு எளிய வழி காட்டினார். இரு கால்களுக்கும் நடுவே ஒரு நீளக் கண்ணாடியை நிறுத்தி, அதில் நல்ல காலின் விம்பத்தைப் பார்த்தபடி அந்தக் காலை மெதுவாக அசைப்பது. இழந்த கால் அசைவது போல மூளைக்குத் தோன்றும். இறுகிய பாதம் விரிவது போலச் சிலருக்கு இருக்கும். ஒரு நாளைக்கு பத்துப் பதினைந்து நிமிடம், சில கிழமைகள். எல்லோருக்கும் பலிக்காது. தலைச்சுற்றோ மனக்கலக்கமோ வந்தால் விட்டுவிடுங்கள். முதல் முறை இயன்மருத்துவரோடு செய்வது நல்லது.

குளிசையும் போத்தலும்

500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அதே மருந்து உண்டு என்பதை மறக்கவேண்டாம். கடையில் வாங்கி மாதக்கணக்காக விழுங்கும் டைக்குளோபினாக் போன்றவை வயிற்றிற் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் தரக்கூடும். சாராயம் நோவை ஒரு மணித்தியாலம் மறைக்கும், அன்றிரவு நித்திரையைக் கெடுக்கும், மறுநாள் நோவைக் கூட்டும்.

இன்னொன்று. நரம்பு நோவுக்கு அமிற்றிப்ரிலின் என்ற மருந்தைச் சிறிய அளவில் டொக்டர் தரலாம். மனச்சோர்வுக்கும் அதே மருந்து கொடுப்பதுண்டு. இதைக் கேள்விப்பட்டு "எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டினம்" என்று எறிந்தவர்கள் இருக்கிறார்கள். அது நரம்பின் கூர்மையைக் குறைக்கவே தரப்படுகிறது. பலன் தெரியச் சில கிழமைகள் செல்லும்.

இரவில் மனம் ஆற, யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவ நிபுணர் தயா சோமசுந்தரம் நம் ஆட்களிடம் ஏற்கெனவே உள்ள வழிகளையே பயன்படுத்தினார்: மூச்சைக் கவனித்தல், தசையைத் தளர்த்தல், அவரவர் சமயப்படி செபமாலையோ, மந்திரமோ, திக்ரோ மெதுவாகத் திருப்பித் திருப்பிச் சொல்லல். படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிடம் போதும்.

உடனே வைத்தியசாலைக்கு

கால் திடீரென விறைத்தோ பலமிழந்தோ போனால், சலம் மலம் கட்டுப்படாமற் போனால், நோவோடு காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தால், நெஞ்சு நோ வந்தால், இவற்றை நாட்பட்ட நோ என்று வீட்டில் வைத்திருக்கவேண்டாம். செல் துண்டு உடம்பில் இருப்பவர்கள் அதைத் தாமாக எடுக்க முயலக்கூடாது; எம்.ஆர்.ஐ. எடுக்க முன் கட்டாயம் சொல்லவேண்டும். "செத்தாற் பரவாயில்லை" என்ற பேச்சு வீட்டில் கேட்டால் அன்றே துணைக்கு ஆளோடு கூட்டிப்போங்கள். மன்னார் வைத்தியசாலை கீரிக்குச் சமீபம். அங்கு உளநல கிளினிக்கைக் கேளுங்கள்.

கிளினிக்கில் டொக்டருக்கு நேரம் குறைவு. எப்போது தொடங்கியது, எதைச் செய்தால் கூடும், எதைச் செய்தால் குறையும், எத்தனை மணித்தியாலம் நித்திரை, இப்போது என்ன குளிசை, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்பவற்றை முதல்நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளை எழுதட்டும். மண்டபத்திலோ செட்டிக்குளத்திலோ தந்த பழைய மருந்துத் துண்டு கிழிந்திருந்தாலும் அதையும் கொண்டு போங்கள்.