காசில்லாமல் போகும் பல்

அன்பு மருமகனுக்கு,

கீழ்க்கடைவாய்ப் பல் சொத்தையாகி ராத்திரி தூங்க விடாமல் குத்துகிறது, ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் பிடுங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் ஆகாது. ஓ.பி. சீட்டு, மரத்துப்போக ஊசி, பிடுங்குவது, அப்புறம் தருகிற மாத்திரை எல்லாமே இலவசம். காப்பீட்டு அட்டைகூட வேண்டியதில்லை. யாராவது கை நீட்டினால் கொடுக்காதே. 104-க்குப் போன் போட்டுச் சொல்.

கடிதத்தை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இலவசம் என்ற ஒன்றுக்காகவே நீ பிடுங்கக் கிளம்பிவிடுவாயோ என்ற பயத்தில்தான் மேலே எழுதுகிறேன்.

உன் கூட்டாளிகள் சீமை வைத்தியத்தைப் பெருமையாகப் பேசுவார்கள், அந்தக் கதையையும் கேள். இங்கிலாந்தில் 1948 ஜூலையில் அரசு வைத்தியம் எல்லாருக்கும் இலவசம் என்று தொடங்கியபோது பல்லும் அதில் சேர்த்திதான். மூன்றே வருஷத்தில் பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு என்று முடிவானது. அந்தத் திட்டத்தையே கொண்டுவந்த அனைரின் பெவன், அதைப் பொறுக்காமல் 1951-ல் அமைச்சர் பதவியை உதறினார். அடுத்த வருஷம் பல் சிகிச்சைக்கு ஒரு பவுண்டு. 2025 ஏப்ரலில் நிர்ணயித்த கணக்குப்படி பல் பிடுங்க 75 பவுண்டு 30 பென்ஸ். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போன்ற சிலருக்கு மட்டும் இலவசம்.

அட, நம்ம ஊரே தேவலையே என்று தோன்றும். கொஞ்சம் பொறு. அந்த 75.30 பவுண்டு பிடுங்குவதற்கு மட்டுமில்லை. சொத்தையை அடைத்தாலும் அதே காசு, ரூட் கேனால் செய்தாலும் அதே காசு. கேப் போட்டால்தான் அடுத்த படி, 326 பவுண்டு 70 பென்ஸ். கேப் வரைக்கும் போகாதவரை, பல்லைக் காப்பாற்றவும் எடுக்கவும் அங்கே ஒரே விலை. நோயாளியின் பர்ஸ் பிடுங்கு பிடுங்கு என்று சொல்லாது. (அந்த விலைக்குப் பார்க்கிற டாக்டர் கிடைப்பது வேறு கதை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டல் நகரில் ஒரு பல் கிளினிக் திறந்தபோது நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசை கட்டி, போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று.)

இங்கே கணக்கு தலைகீழ். பிடுங்க இலவசம். சின்னச் சொத்தையாக இருக்கும்போதே போனால் அடைப்பதும் இலவசம். நாம் அப்போது போவதில்லை. சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொட்ட பிறகு பல்லை நிறுத்தி வைக்க ரூட் கேனால் வேண்டும், அதற்கு மேல் கேப் வேண்டும். கேப்புக்குப் பெரும்பாலும் தனியார் கிளினிக்தான், ஆயிரக்கணக்கில் செலவு. அதனால் நம் வீடுகளில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: எடுத்துப் போட்டுவிடு. டாக்டர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கட்டத்தில் இலவசமாக முடிவது அது ஒன்றுதான் என்பதால் முடிவும் அதுவாகிவிடுகிறது. உலகத்தில் 200 கோடிப் பேருக்கு நிலைப்பல்லில் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. அதில் எத்தனை பல் இந்தக் காரணத்தால் போகிறதோ!

கடைவாய்ப் பல் ஒன்று போனால் என்ன, முப்பத்தொன்று இருக்கிறதே என்பாய். அதன் இடம் காலியானால் பின்னால் நிற்கும் பல் முன்னால் சாயும். எதிரே உள்ள மேல்பல், தடுக்க ஆளில்லாமல் மெல்லக் கீழே இறங்கும். இடுக்குகளில் சாப்பாடு சிக்கும், அங்கேயும் சொத்தை. ஒரு பக்கமாகவே மெல்லப் பழகிவிடுவாய். இதெல்லாம் ஒரே வருஷத்தில் தெரியாது. உனக்கு முப்பது வயதாகும்போது தெரியும்.

ஆகவே நீ டாக்டரிடம் கேட்க வேண்டியது "பிடுங்குங்க சார்" என்று இல்லை. "இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா?" என்று கேள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று குத்தி உடனே அடங்கினால், அடைத்தே சரிசெய்ய வாய்ப்புண்டு. தன்னால் விண்விண் என்று ராத்திரியில் தெறித்தால் நரம்பு கெட்டிருக்கலாம். நீ எழுதியிருப்பது இரண்டாவது மாதிரி தெரிகிறது. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

உம்மாவைத் துணைக்கு இழுக்காதே. உம்மா சுற்றும் பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. காலையில் சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, மதியம் வீடு திரும்பினால் பீடித்தட்டில் முந்நூறு நானூறு குறைந்திருக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. அந்தக் கூலியை யார் தருவார்? நம் தெருப் பெண்கள் பல்வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது சோம்பலால் இல்லை. மெடிக்கலில் இரண்டு மாத்திரை, அடங்காவிட்டால் கிராம்பு, அதுவும் கேட்காவிட்டால் மடியில் இருக்கிற புகையிலைத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து அடக்கிக்கொள்வார்கள். கடைசியில் சொன்னதை உம்மா செய்தால் கையைப் பிடித்துத் தடு. வலியைக் கொஞ்சம் மரக்கடிக்கும். பழக்கமானால் வாய்ப்புற்று வரைக்கும் கொண்டுபோகும்.

பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பயப்படாதே. காலையிலேயே போ, வெறும் வயிற்றோடு போகாதே. வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் சொல். வீக்கமோ சீழோ இருந்தால் மாத்திரை கொடுத்து இன்னொரு நாள் வரச் சொல்லலாம். அலைக்கழிக்கிறார்கள் என்று நினைக்காதே. சீழ் பிடித்த இடத்தில் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. அந்த ஊசி மருந்து லிக்னோகெயின். ஸ்வீடன்காரர் நீல்ஸ் லோஃப்கிரேன் 1943-ல் கண்டுபிடித்தது, 1948-ல் கடைக்கு வந்தது. குத்தி, உதடு தடித்துக் கனத்த மாதிரி ஆகும்வரை காத்திருப்பார்கள். பிறகு யாரும் வெடுக்கென்று இழுப்பதில்லை. பல்லை எலும்பில் இப்படியும் அப்படியும் அசைத்து இடம் அகட்டுவார்கள். அழுத்தம் தெரியும், நறநறவென்று சத்தம் காதுக்குள் கேட்கும், வலி இருக்காது. வலித்தால் கையைத் தூக்கு, இன்னும் ஊசி போடுவார்கள்.

பஞ்சை வைத்தால் அரைமணி, முக்கால்மணி நேரம் கடித்துக்கொண்டே இரு. அன்றைக்குத் துப்பாதே, ஸ்ட்ராவில் உறிஞ்சாதே, கொப்புளிக்காதே. ரத்தக்கட்டி பெயர்ந்தால் மூன்றாம் நாள் எலும்பு திறந்து வலியில் உயிர் போகும். சூடாக டீயும் வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். ஆஸ்பத்திரியில் தருகிற மாத்திரை அட்டையில் கம்பெனி விளம்பரம் இராது, விற்பனைக்கு இல்லை என்றுதான் அச்சடித்திருக்கும். 1994-ல் அரசு தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கித் தரும் மருந்து அது. மட்டம் என்று தூக்கிப் போட்டுவிட்டு வெளியே வாங்காதே.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். உன்னுடையது கீழ்ப்பல் என்பதால் தப்பித்தாய். ஆனாலும் அது பொய். பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு.

நிஜமாகப் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமமானால் ஓ.பி. நேரம் பார்க்காதே. நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போ. அந்த வீக்கம் மூச்சுப்பாதையை அடைத்துவிடலாம்.

திங்கட்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும், புதன் அல்லது வியாழன் போய்ப் பார். டாக்டர் சொன்னதை அன்றைக்கே எனக்கு எழுது. காப்பாற்றலாம், கேப் போட வேண்டும் என்று சொன்னால் வாப்பாவிடம் தயங்கிக்கொண்டு நிற்காதே. பாதிக் காசு நான் அனுப்புகிறேன். வரும் பெருநாளுக்குத் தர வைத்திருந்ததுதான், முன்னாலேயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா