ஐ-485 பெண்டிங்ல இருக்கும்போது இந்தியா வரலாமா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி கார்டைப் படிங்க

2023 டிசம்பர், நம்ம ஊர் நேரப்படி ராத்திரி பதினொன்றரை மணி. நியூ ஜெர்சியில இருக்கிற என் காலேஜ் ஜூனியர் ஒருத்தங்க போன் பண்ணாங்க. "அண்ணா, அப்பாவுக்கு ஸ்ட்ரோக். திருச்சியில ஐசியூல வெச்சிருக்காங்க. என் என்ஆர்ஓ அக்கவுண்ட்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு உடனே பணம் போடணும், எவ்வளவு போடலாம்? நாளைக்கு நான் ஃபிளைட் ஏறிடுவேன்."

பண விஷயம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. போனை வைக்கிறதுக்கு முன்னாடி, "உனக்கு பரோல் இருக்கில்ல?"னு கேட்டேன். "இருக்குண்ணா, போன மாசம்தான் புது கார்டு வந்துச்சு"ன்னு பதில். எதுக்கும் ஒரு ஃபோட்டோ அனுப்புமான்னு சொன்னேன். வாட்ஸ்அப்ல வந்தது. கார்டுல கீழே ஒரு வரி: "நாட் வேலிட் ஃபார் ரீஎன்ட்ரி டு யூ.எஸ்." அதாவது, இந்த கார்டைக் காட்டி அமெரிக்காவுக்குள்ள திரும்ப வர முடியாது.

அவங்க முன்னாடி வெச்சிருந்த பழைய கார்டுல அதே இடத்துல "சர்வ்ஸ் ஆஸ் ஐ-512 அட்வான்ஸ் பரோல்"னு இருந்திருக்கு. வேலை அனுமதியும் பயண அனுமதியும் ஒண்ணா இருக்கிற காம்போ கார்டு அது. புதுப்பிக்கும்போது வேலை அனுமதிக்கான ஐ-765 மட்டும் போட்டிருக்காங்க, பயணத்துக்கான ஐ-131 போடலை. கார்டு பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி. கீழே இருக்கிற அந்த ஒரு வரிதான் வித்தியாசம்.

நான் சி.ஏ., இமிகிரேஷன் வக்கீல் இல்லை. உங்க கேஸுக்கு வக்கீல்கிட்ட பேசித்தான் முடிவு எடுக்கணும். ஆனா இதுல தப்பு நடந்தா, அந்தக் கணக்கு கடைசியில என் டேபிளுக்குத்தான் வருது. அதனாலதான் எழுதறேன்.

கைவிட்டதா எடுத்துக்குவாங்க

ஐ-485ங்கிறது அமெரிக்காவுக்குள்ள இருந்துகிட்டே கிரீன் கார்டு கேட்கிற விண்ணப்பம். அது பெண்டிங்ல இருக்கும்போது நீங்க நாட்டை விட்டு வெளியே போனா, விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டதா சட்டம் எடுத்துக்கும். இதுல மோசமான விஷயம், அந்த நேரத்துல உங்களுக்கு எதுவுமே தெரியாது. சென்னை ஏர்போர்ட்ல கிளம்பும்போது இமிகிரேஷன் கவுண்டர்ல நின்னு சீல் வாங்கிட்டுத்தான் போவோம். அமெரிக்காவுல கிளம்பும்போது அப்படி ஒரு கவுண்டரே கிடையாது. யாரும் தடுக்க மாட்டாங்க, யாரும் சொல்ல மாட்டாங்க. செக்-இன் பண்ணி, காபி குடிச்சிட்டு, ஏறி உட்கார்ந்துடலாம். விஷயம் தெரியவரும்போது நீங்க திருச்சியில இருப்பீங்க.

இதுக்குப் பாதுகாப்புதான் அட்வான்ஸ் பரோல். கிளம்புறதுக்கு முன்னாடி அது அப்ரூவ் ஆகி கையில இருக்கணும். "அப்ளை பண்ணிருக்கேன், ரசீது வந்திருக்கு"ங்கிறது போதாது. ஐ-131 பெண்டிங்ல இருக்கும்போது கிளம்பினா பொதுவா அந்த விண்ணப்பத்தையும் கைவிட்டதாத்தான் எடுத்துக்குவாங்க.

ஒரு விதிவிலக்கு இருக்கு. ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எல்-2 ஸ்டேட்டஸ்ல இருக்கிறவங்க பரோல் இல்லாம போயிட்டு வந்தாலும் ஐ-485 போகாது. ஆனா திரும்பி வரும்போது அந்த ஸ்டேட்டஸுக்குத் தகுதி இருக்கணும், பாஸ்போர்ட்ல செல்லுபடியாகிற ஹெச் அல்லது எல் விசா ஸ்டாம்ப் இருக்கணும், வேலைக்கு வர்றவங்க அதே கம்பெனி வேலைக்குத் திரும்பணும். ஸ்டாம்ப் எக்ஸ்பைர் ஆகியிருந்தா இந்தியாவுல கான்சுலேட் போய் வாங்கிட்டுத்தான் வரணும். அதுக்கு இன்டர்வியூ தேதி கிடைக்கணும். 2025 டிசம்பர்ல ஹெச்-1பி, ஹெச்-4 விண்ணப்பதாரர்களோட சோஷியல் மீடியா பக்கங்களைப் பார்க்கிற நடைமுறை வந்தப்போ, இந்தியாவுல நிறைய பேரோட இன்டர்வியூ 2026 மார்ச்சுக்கும் அதுக்கு அப்புறமும் தள்ளிப்போச்சு. ரெண்டு வார லீவுல வந்தவங்க மாசக்கணக்குல இங்கேயே உட்கார்ந்தாங்க. அந்த இடைவெளியில வேலை போச்சுன்னா, விதிவிலக்கும் அதோட போச்சு.

எஃப்-1 மாணவர்களுக்கும் ஓ-1 காரங்களுக்கும் இந்த விதிவிலக்கே கிடையாது. எஃப்-1ல இருந்துகிட்டு அமெரிக்க சிட்டிசனைக் கல்யாணம் பண்ணி ஐ-485 போட்டிருக்கிற பசங்க இதை ரெண்டு தடவை படிக்கணும். ஸ்டூடண்ட் விசா ஸ்டாம்ப் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கேன்னு அக்கா கல்யாணத்துக்குக் கிளம்பிடாதீங்க.

குடும்பம் ஒண்ணு, விண்ணப்பம் தனித்தனி

நம்ம ஜூனியர் கதைக்கு வருவோம். வீட்டுக்காரர் ஹெச்-1பியில இருக்கார். அவர் பெயர்ல இருக்கிற கேஸ்லதான் இவங்களும் பையனும் சேர்ந்திருக்காங்க. வீட்டுக்காரர் வருஷா வருஷம் எந்தக் கவலையும் இல்லாம போயிட்டு வர்றாரு, அதனால தனக்கும் அப்படித்தான்னு இவங்க நினைச்சிருக்காங்க. ஆனா இவங்க ஐ-485 வேலை அனுமதி கார்டு வந்ததும் ஹெச்-4ஐ நீட்டிக்கவே இல்லை. "அதான் கார்டு இருக்கே, வக்கீல் ஃபீஸ் மிச்சம்"னு விட்டாச்சு. இப்போ இவங்க அமெரிக்காவுல இருக்கிறதே பெண்டிங்ல இருக்கிற அந்த ஐ-485 பலத்துலதான். வீட்டுக்காரர் கிளம்பினா அவர் விண்ணப்பத்துக்கு ஒண்ணும் ஆகாது. இவங்க கிளம்பினா, விமானம் ஏறினதுமே இவங்க விண்ணப்பம் போச்சு.

பிள்ளைகள் விஷயத்துல இதைவிட நுணுக்கமான ஒரு இடம் இருக்கு. 21 வயசு தாண்டின பையன், குழந்தைகள் வயசைக் காப்பாத்துற சட்டத்தால இன்னும் அப்பாவோட கிரீன் கார்டு கேஸ்ல இருக்கலாம். ஆனா ஹெச்-4க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 21 ஆனதும் ஹெச்-4 முடிஞ்சது. பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் தேதி பாக்கி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. அவன் பரோல் இல்லாம வெளியே போனா, திரும்ப விண்ணப்பிக்கும்போது அதே வயசுக் கணக்கு கைகொடுக்கும்னு நம்பி இருக்க முடியாது. காலேஜ் பையன் நண்பர்களோட கான்குன் போறேன்னு கேட்டா, முதல்ல கார்டைப் பாருங்க. மெக்சிகோவும் வெளிநாடுதான்.

விலை எவ்வளவு?

இங்கதான் நம்ம வேலை. ஃபீஸ் கணக்கு சின்னது. 2024 ஏப்ரல் 1க்கு அப்புறம் ஐ-485க்கு ஒரு ஆளுக்கு 1,440 டாலர். பெற்றோரோட சேர்ந்து போடுற 14 வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 950. பேப்பர்ல தாக்கல் பண்ணும்போது அட்வான்ஸ் பரோலுக்குத் தனியா 630, வேலை அனுமதிக்கு 260. "நாலு பேருக்கு பரோல் 2,520 டாலரா, ஊருக்கே போகலையே, எதுக்கு?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதை நான் இன்சூரன்ஸ் பிரீமியமாத்தான் பார்க்கிறேன். அப்பாவுக்கு எப்போ முடியாம போகும்னு முன்கூட்டி தேதி குறிச்சு வாங்க முடியாது.

நம்ம ஜூனியர் கேஸ்ல இன்னும் வயிற்றெரிச்சலான விஷயம், அவங்களுக்கு அந்த பிரீமியம் சைபர். 2024 ஏப்ரல் 1க்கு முன்னாடி ஃபீஸ் கட்டி ஐ-485 போட்டவங்களுக்கு, அது பெண்டிங்ல இருக்கிற வரைக்கும் ஐ-131க்கு ஃபீஸே கிடையாது. இலவசமா கிடைக்கிறதை வாங்காம விட்டிருக்காங்க.

இப்போ நஷ்டப் பக்கம். இவங்க குடும்பம் ஐ-485 போட்டது 2020 அக்டோபர்ல. அந்த மாசம் விசா புல்லட்டின்ல இந்தியாவுக்கான ஈபி-3 தாக்கல் தேதி 2015 ஜனவரி 1 வரைக்கும் முன்னாடி வந்தது. இவங்க பிரயாரிட்டி தேதி 2014 நவம்பர். கதவு திறந்த நேரத்துல உள்ளே நுழைஞ்சிட்டாங்க. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான்ங்கிற உச்சவரம்பு இருக்கிறதால நம்ம ஆளுங்க வரிசை எவ்வளவு நீளம்னு உங்களுக்கே தெரியும். 2023 அக்டோபர்ல அதே தாக்கல் தேதி 2012 ஆகஸ்ட் 1க்குப் பின்னாடி போயிடுச்சு. அதாவது, டிசம்பர்ல இவங்க விண்ணப்பம் கைவிட்டதா ஆச்சுன்னா, ஃபீஸ் திரும்பக் கட்டத் தயாரா இருந்தாலும் போட முடியாது. பிரயாரிட்டி தேதி அப்படியே இருக்கும், கதவுதான் பூட்டியிருக்கும். எத்தனை வருஷம்னு யாராலயும் சொல்ல முடியாது.

ஐ-485 போனா அதை வெச்சு வந்த வேலை அனுமதியும் போகும். இவங்க சம்பளம் வருஷத்துக்கு 84,000 டாலர், மாசம் 7,000. வழி முழுசா அடைபட்டுடாது. கணவர் ஹெச்-1பியில இருக்கிறதால சென்னையில ஹெச்-4 ஸ்டாம்ப் வாங்கி உள்ளே வந்து, ஹெச்-4 வேலை அனுமதிக்குப் போடலாம். ஸ்டாம்பிங், கார்டு எல்லாம் சேர்த்து எட்டு மாசம்னு வெச்சா 56,000 டாலர். அன்னைக்கு டாலர் 83 ரூபாய்னா 46 லட்சத்துக்கு மேல. வீட்டு லோன் அங்கே ஓடிக்கிட்டிருக்கு. இதை எல்லாம் ஐசியூ வாசல்ல நிக்கிற மனநிலையில இருக்கிற பொண்ணுகிட்ட போன்ல சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்பா முகத்தைப் பார்க்கணும்ணா, போனா போகட்டும்"னாங்க.

அது அவங்க முடிவு, அதுல நான் தலையிட முடியாது. ஆனா போகாமலேயே பார்க்கிற வழி ஒண்ணு இருக்கான்னு முதல்ல பார்த்துடலாம்னு சொன்னேன்.

அவசர பரோல்

உயிர் ஆபத்து, நெருங்கின சொந்தத்துல மரணம் மாதிரி நிலைமையில யூஎஸ்சிஐஎஸ் உள்ளூர் அலுவலகத்துலயே அவசர அட்வான்ஸ் பரோல் கேட்கலாம். கான்டாக்ட் சென்டருக்கு போன் பண்ணி அவசரம்னு சொல்லி அப்பாயின்ட்மென்ட் வாங்கணும். பூர்த்தி பண்ணின ஐ-131, ஃபீஸ் உண்டுன்னா அது, ரெண்டு ஃபோட்டோ, ஐ-485 ரசீது, அவசரத்துக்கான ஆதாரம் எல்லாம் கையில எடுத்துட்டுப் போகணும். கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை, அதிகாரி முடிவுதான்.

ஆதாரம்தான் இதுல பாதி வேலை. "அட்மிட் ஆகியிருக்கார்"னு ஒரு வரி சீட்டு போதாது. லெட்டர்ஹெட்ல, டாக்டர் கையெழுத்து சீலோட, என்ன நோய், எந்த நிலைமை, எந்தத் தேதியில இருந்துன்னு இங்கிலீஷ்ல இருக்கணும். நம்ம ஊர் பிறப்புச் சான்றிதழ் தமிழ்ல மட்டும் இருந்தா, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்ட சான்றும் சேர்க்கணும். இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். இவங்க பாஸ்போர்ட்ல அப்பா பெயர் முழுசா விரிச்சு எழுதியிருக்கு, ஆஸ்பத்திரியில ரெண்டு இனிஷியலோட சுருக்கமா. வேற யாரோ ஒருத்தர் மாதிரி இருக்கு. அவங்க தம்பி ராத்திரியோட ராத்திரியா டியூட்டி டாக்டரைப் பிடிச்சு, "ஆதார்ல இன்ன பெயருள்ளவர்"னு சேர்த்து லெட்டரை மாத்தி வாங்கினார்.

மூணாவது நாள் அப்பாயின்ட்மென்ட் கிடைச்சது, அன்னைக்கே பேப்பர் கையில வந்தது. சாயங்கால ஃபிளைட்.

ஐ-485 இல்லாதவங்களுக்கும் ஒரு பாடம்

படிப்பு முடிச்சு ஓபிடியில இருந்து ஹெச்-1பிக்கு மாறுறவங்க கேஸும் கிட்டத்தட்ட இதேதான். கம்பெனி போட்ட மனுவுல ஸ்டேட்டஸ் மாற்றமும் கேட்டிருப்பாங்க. அது பெண்டிங்ல இருக்கும்போது வெளியே போனா, அந்த மாற்றக் கோரிக்கை கைவிட்டதா ஆகும். முன்னாடி இதோட செலவு ஒரு ஸ்டாம்பிங் பயணம்தான். 2025 செப்டம்பர் 21க்கு அப்புறம் போட்ட புது மனுக்களுக்கு வந்த 1,00,000 டாலர் அறிவிப்பு கணக்கையே மாத்திடுச்சு. உள்ளே இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாறுறவங்களுக்கு அது கிடையாதுன்னு அக்டோபர்ல யூஎஸ்சிஐஎஸ் விளக்கம் கொடுத்தது. அதே விளக்கத்துல, மாற்றக் கோரிக்கை முடிவாகுறதுக்கு முன்னாடி நாட்டை விட்டுப் போனவங்களுக்கு அது உண்டுன்னும் இருக்கு. எந்தக் கம்பெனி உங்களுக்காக அதைக் கட்டும்? இந்த நேரத்துல 900 டாலர் டிக்கெட்னு நீங்க நினைக்கிறது உண்மையில 900 டாலர் டிக்கெட் இல்லை.

இங்கே மாட்டிக்கிட்டவங்க லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்க ஆரம்பிச்சா, எங்க துறை ஆரம்பிக்குது. இந்தியாவுல உட்கார்ந்து பார்த்த வேலைக்கான சம்பளம், அமெரிக்க வங்கியில விழுந்தாலும் இந்திய வருமானம்தான். ஒரு வருஷத்துல 183 நாளைத் தாண்டாம, சம்பளத்தை இந்தியக் கிளை சுமக்காம இருந்தா, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 16ஆவது பிரிவு காப்பாத்தும். இதுக்கு நடுவுல ரெசிடென்ட் கணக்கும் ஓடுது. வாடகை, வட்டின்னு இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினவங்களுக்கு 182 நாள் இல்லை, 120 நாள்லயே கேள்வி வந்துடும். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க.

ஜூனியர் வந்து சேர்ந்தப்போ அப்பாவுக்கு நினைவு இருந்தது. பேச்சு வரலை, கையைப் பிடிச்சிருக்கார். ஆறாவது நாள் போயிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிச்சு, பரோல் தேதிக்குள்ளேயே கிளம்பினாங்க. நியூவார்க்ல தனி ரூமுக்கு அனுப்பி ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சாங்க. பரோல்ல வர்றவங்களுக்கு இது சகஜம், பயப்பட வேண்டாம், அடுத்த ஃபிளைட் கனெக்‌ஷனை மட்டும் நெருக்கமா போடாதீங்க. 2025 அக்டோபர்ல வந்த 1,000 டாலர் பரோல் ஃபீஸ் பத்தியும் நிறைய பேர் கேட்கிறீங்க. ஐ-485 பெண்டிங்ல வெளியே போயிட்டு திரும்புறவங்களுக்கு அந்தச் சட்டத்துலயே விலக்கு இருக்கு.

அடுத்த வாரமே மூணு பேருக்கும் ஐ-131 போட்டாங்க. செலவு, கூரியர் மட்டும்.