மாற்றுத்திறனாளிகளும் நியாய ஊதியமும்
(அமெரிக்க மாநிலச் சட்டங்கள் பற்றிய ஓர் ஆய்வு)

முன்னுரை

உழைப்பவனுக்கு உழைப்பின் பயன் கிட்ட வேண்டும் என்பது பொருளாதாரம் பயில்வோர் முதலில் அறியும் நீதி. ஆனால் அந்தப் பயனை எந்தக் கோலால் அளப்பது என்ற வினா எழும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு அமர்த்தும் திட்டங்கள் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வினாவைச் சுற்றியே இயங்கி வருகின்றன. தொழிலாளர் பொருளாதாரப் பாடத்தை ஒட்டி இச்சட்டங்களைப் படித்தபோது, முதலில் அவற்றை நியாயமானவை என்றே எண்ணினேன். பின்னர் அக்கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதற்கான காரணங்களை இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

ஒரே நாளில் இரு சட்டங்கள்

1938ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நியாயத் தொழில் தரச் சட்டத்தில் கையொப்பமிட்டார். மணிக்கு 25 சென்ட் என்னும் குறைந்தபட்ச ஊதியம் அதனால் பிறந்தது. அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு ஒரு விலக்கும் அளித்தது. முதுமை, உடற்குறை, மனக்குறை, காயம் ஆகியவற்றால் உழைப்புத் திறன் குறைந்தவர்களுக்கு, அரசிடம் சிறப்புச் சான்றிதழ் பெற்ற முதலாளி அந்த ஊதியத்திற்கும் குறைவாகத் தரலாம் என்பதே அவ்விலக்கு.

அதே நாளில் வாக்னர்-ஓடே சட்டமும் நிறைவேறியது. பார்வையற்றோர் செய்யும் துடைப்பம் முதலிய பொருள்களை மத்திய அரசின் அலுவலகங்கள் வாங்க வேண்டும் என அது விதித்தது. 1971இல் ஜாவிட்ஸ் என்னும் செனட்டரின் முயற்சியால், கடுமையான குறைபாடுடைய பிறரும், பொருள்களோடு சேவைகளும் அத்திட்டத்துள் சேர்க்கப்பட்டன. இதில் பங்குபெறும் நிறுவனத்தில் நேரடி உழைப்பு நேரத்தின் 75 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுடையதாக இருத்தல் வேண்டும். முதற்சட்டம் ஊதியத்தைக் குறைக்க இடமளித்தது. இரண்டாவது சட்டம் வேலை கிடைக்க வழி செய்தது. இவ்விரண்டும் பின்னாளில் எவ்வாறு மோதின என்பதை மேலே காண்போம்.

ஊதியம் கணக்கிடும் முறை

சான்றிதழ் பெற்ற முதலாளி தம் விருப்பம்போல் ஊதியம் குறித்துவிட இயலாது. அதே வட்டாரத்தில் அதே வேலையைச் செய்யும், குறைபாடற்ற, அனுபவமுள்ள தொழிலாளிக்கு வழங்கும் ஊதியத்தை அவர் முதலில் அறிய வேண்டும். அத்தகைய ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைக் கடிகாரம் வைத்து அளக்க வேண்டும். பின்னர் மாற்றுத்திறனாளியின் வேலையையும் அவ்வாறே அளந்து ஒப்பிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: வட்டார ஊதியம் மணிக்கு 12 டாலர் என்றும், அனுபவமுள்ளவர் மணிக்கு 100 பெட்டிகள் மடிப்பார் என்றும் கொள்வோம். மாற்றுத்திறனாளி 40 பெட்டிகள் மடித்தால் அவருக்கு 40 விழுக்காடு, அதாவது 4 டாலர் 80 சென்ட். மணிக் கணக்கில் ஊதியம் பெறுவோரின் திறனை ஆறு மாதத்திற்கு ஒருமுறையேனும் மீண்டும் அளக்க வேண்டும்.

உழைப்பிற்கேற்ற ஊதியம் என்னும் கொள்கைக்கு இது முற்றிலும் பொருந்துவதாகவே எனக்குத் தோன்றியது.

எழுந்த ஐயங்கள்

முதலாவதாக, கடிகாரம் ஒருவருக்கு மட்டுமே வைக்கப்படுகிறது. குறைபாடற்ற தொழிலாளர் இருவருள் ஒருவர் 100 பெட்டிகளும் மற்றவர் 70 பெட்டிகளும் மடித்தாலும், குறைந்தபட்ச ஊதியத்திற்குக் கீழே எவரையும் சட்டம் இறக்குவதில்லை. மெதுவாக வேலை செய்பவருக்கும் வயிறு உண்டு என்பதுதானே அந்த ஊதியத்தின் அடிப்படை? அந்த அடிப்படை மாற்றுத்திறனாளிக்கு மட்டும் மறுக்கப்படுவது ஏன்?

இரண்டாவதாக, அளக்கப்படுவது ஆளா, வேலையிடமா என்பது தெளிவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவருக்கு மேசை உயரமாக இருப்பின் அவர் கை தாமதிக்கும். மேசையைத் தாழ்த்தினால் நாற்பது அறுபதாகக் கூடும். அளவுகோல் இதைக் காட்டாது. குறையனைத்தையும் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதும்.

மூன்றாவதாக, குறைபாடு இருப்பது வேறு, அது செய்யும் வேலையைத் தடுப்பது வேறு. ஓஹியோ மாநிலத்தில் குறைந்த ஊதியம் பெற்றுவந்த மூன்று தொழிலாளர்கள் இக்கருத்தை முன்வைத்து மனுச் செய்தனர். அவர்கள் செய்த வேலைக்கு அவர்களது குறைபாடு தடையாக இருந்ததென்பதை முதலாளி மெய்ப்பிக்கவில்லை என்று 2016இல் நிர்வாக நீதிபதி தீர்ப்பளித்தார். இத்தீர்ப்பே என் கருத்தை மாற்றியது எனலாம். மனுச் செய்யத் துணியாத எத்தனை பேருக்கு இந்த நியாயம் கிட்டியிருக்கும்?

பாதுகாப்பும் நாளடைவில் தளர்ந்தது. 1966ஆம் ஆண்டுத் திருத்தம், பொதுவாகக் குறைந்தபட்ச ஊதியத்தில் பாதிக்குக் கீழே போகலாகாது என வரம்பிட்டது. 1986இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. அயோவா மாநிலத்தின் அட்டலிசா என்னும் சிற்றூரில் தங்கவைக்கப்பட்டு, வான்கோழி இறைச்சி ஆலையில் உழைத்த அறிவுசார் குறைபாடுடையோர் பல ஆண்டுகளாக மாதம் 65 டாலர் மட்டுமே பெற்றுவந்த செய்தி 2009இல் வெளியாயிற்று. 2013இல் நடுவர் குழு 32 பேருக்கு 24 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. சட்ட உச்சவரம்பினால் அது 16 லட்சம் டாலராகச் சுருங்கியது.

மாநிலங்கள் காட்டிய வழி

கூட்டாட்சிச் சட்டம் விதிக்கும் பாதுகாப்பைவிட மேலான பாதுகாப்பை மாநிலங்கள் தரலாம். இவ்வுரிமையே மாற்றத்திற்கு வாயிலாயிற்று. வெர்மான்ட் மாநிலம் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருந்த தனித் தொழிற்கூடங்களை மூடியது. நியூ ஹாம்ப்ஷயர் 2015இல் குறைந்த ஊதிய முறையைச் சட்டத்தால் தடை செய்தது. மேரிலாந்து 2016இல் சட்டமியற்றி 2020க்குள் நிறுத்தியது. ஆரிகன் 2023க்குள்ளும், கலிபோர்னியா 2025இன் தொடக்கத்திற்குள்ளும் கைவிட முடிவு செய்தன.

டெக்சாஸ் வேறொரு நெம்புகோலைப் பயன்படுத்தியது. மாற்றுத்திறனாளிகளை அமர்த்தும் நிறுவனங்களிடம் மாநில அரசு பொருள் வாங்கும் திட்டம் அங்கு உண்டு. அதில் பங்குபெற விரும்பும் நிறுவனங்கள் குறைந்தபட்ச ஊதியம் தருதல் வேண்டும் என்று 2019இல் சட்டம் செய்து, 2022 வரை அவகாசமும் அளித்தது. அதே 2022இல், வாக்னர்-ஓடே வழிவந்த மத்திய அரசுத் திட்டமும் தன் ஒப்பந்தங்களில் குறைந்த ஊதியத்தைத் தடை செய்தது. ஒரே நாளில் தோன்றிய இரு சட்டங்களுள் ஒன்று மற்றதைத் திருத்த முற்பட்டது வியப்பன்றோ!

எனினும் 14ஆம் பிரிவு இன்னும் ஏட்டில் உள்ளது. அதனைப் படிப்படியாக நீக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில் கொணர்ந்த வரைவு விதி 2025 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது.

மறுதரப்பு

இம்மாற்றத்தை எதிர்ப்போர் அனைவரும் சுரண்டுவோர் அல்லர். பெற்றோர் பலரும் அவர்களுள் அடங்குவர். "முழு ஊதியம் கேட்டால் என் மகனுக்கு வேலையே இல்லாமற் போகும். பகலில் அவன் போய்ச் சேர ஓர் இடமும், பழக நான்கு பேரும் வேண்டாமா?" என்ற அவர்களது அச்சத்தைத் தள்ளிவிடல் ஆகாது. தொழிற்கூடத்தை மூடிவிட்டு வேறு வழி காட்டாத அரசு, நீதியின் பெயரால் அவர்களை வீட்டிற்குள் அடைத்ததாகவே முடியும். ஆகவேதான் வெர்மான்ட் போன்ற மாநிலங்கள், பொதுப் பணியிடங்களில் மாற்றுத்திறனாளியின் உடனிருந்து வேலை பழக்கும் பயிற்சியாளர்களுக்குப் பணம் ஒதுக்கின.

அரசு உதவித்தொகை குறையுமே என்பது மற்றோர் அச்சம். மாத ஊதியத்தில் பொதுவாக 85 டாலரை விட்டு, எஞ்சியதில் பாதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பர். 485 டாலர் ஈட்டுபவருக்கு 200 டாலர் கழிந்தாலும் 285 டாலர் கூடுதலாக நிற்கும். ஆனால் உதவி பெறும் தனியாள் 2,000 டாலருக்கு மேல் சேமிப்பு வைத்திருத்தல் ஆகாது என்னும் வரம்பு 1989 முதல் மாறவேயில்லை. ஊதியம் உயர்ந்தும் சேமிக்க இயலாத நிலையை இது உண்டாக்குகிறது. ஊதியச் சட்டத்தை மட்டும் திருத்தினால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

இது அயல்நாட்டுச் செய்திதானே என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 26ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளித் தொழிலாளரின் ஊதியத்திற்கு அச்சட்டம் பொருந்தாது என ஆணையிடும் அதிகாரத்தை அரசுகளுக்குத் தந்திருந்தது. இரக்கத்தால் எழுதப்பட்ட விலக்கு, இழப்பாக முடியக்கூடும் என்பதை அமெரிக்க அனுபவம் நமக்குக் கற்பிக்கிறது.

ஊதியத்தைக் குறைத்து வேலை தருவது எளிது. மேசையைத் தாழ்த்தி, உடனிருந்து பழக்கி, முழு ஊதியம் தருவது கடினம். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். அச்செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டாமல் சமுதாயம் ஏற்பதே நியாய ஊதியம் என்பது என் துணிபு.