தலைவியின் தோற்றமும் தகுதியும்

அரசியலில் நிற்கும் பெண்ணின் தோற்றத்தைப் பற்றிப் பேசுவது வெறும் வேடிக்கைதானா? சற்றே ஆராய்வோம்.

2018 டிசம்பரில் இராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. அம்மாநிலத்தின் முதல் பெண் முதலமைச்சரான வசுந்தரா ராஜே மீண்டும் மக்கள் முன் நின்றார். அவர் களைத்துவிட்டார், பருத்துவிட்டார், ஓய்வு கொடுங்கள் என்று மேடையில் பேசினார் சரத் யாதவ். தாம் அவமதிக்கப்பட்டதாக ராஜே கூறினார். யாதவ் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஆட்சியில் குறையிருப்பின் அதனை எடுத்துரைத்திருக்கலாம். உடலைப் பேசியதால் ஆட்சியைப் பற்றிய கேள்வி மறைந்து போயிற்று.

ஆடவர் தோற்றத்தையும் பேசுகிறோமே எனலாம். உண்மைதான். காமராசரின் கதர்ச் சட்டையைப் பேசாதார் யார்? ஆயின் அப்பேச்சு அவருடைய எளிமைக்குச் சான்றாயிற்று. அவருடைய தகுதிக்குத் தடையாகவில்லை. பெண்ணுக்கோ தோற்றமே தேர்வாகிவிடுகிறது.

நம் தீவுகளை நோக்குவோம். அந்தமான் நிக்கோபாருக்கு மக்களவையில் ஒரே இடம். 1967-இல் நடந்த முதல் தேர்தல் தொடங்கி 2024 வரை அதில் ஒரு பெண்ணும் வென்றதில்லை. ஊராட்சிகளிலோ, 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு உண்டு. அங்கிருந்து ஒருத்தி நாளை மக்களவைக்குப் போட்டியிட்டால் அவளிடம் எதைக் கேட்போம்? கப்பலையும் குடிநீரையும் பற்றியா, சேலையைப் பற்றியா?

தோழர்களே! பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்த சொல்லை முதலில் ஓர் ஆண் தலைவர்மேல் ஏற்றிப் பாருங்கள். பொருந்தாவிடின் சொல்லாது விடுங்கள். இப்பழக்கத்தை நம் மன்றத் தேர்தலிலேயே தொடங்கலாம் அன்றோ?